முதல் மூட்டைக்குப் பின்னால்

பஞ்சு மில்லு மூடி பத்தொன்பது வருசம் ஆச்சு. மில்லு ஆரம்பித்த சாப்ட்பால் அணி மட்டும் மூடாமல் கிடந்தது.

முதலாளியின் மருமகன் வெளிநாடு போய்த் திரும்பும்போது ரெண்டு மட்டையும் ஒரு பந்தும் கொண்டு வந்தானாம். நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை பார்த்த பொம்பளைகளைக் கூப்பிட்டு, "விளையாடுங்க" என்றான். அவன் ரெண்டு மாசத்தில் மறந்துவிட்டான். இவர்கள் மறக்கவில்லை.

பந்தை அடித்தவள் ஓடி வந்து மிதிக்கிற இடங்களுக்குச் சாக்கில் கழிவுப் பஞ்சைத் திணித்துப் போட்டார்கள். அதனால் இன்றைக்கும் அவர்களுக்கு அது முதல் மூட்டை, ரெண்டாம் மூட்டை, மூணாம் மூட்டைதான்.

ஆட்டத்துக்கு ஒன்பது பேர் வேணும். இருப்பது ஒன்பதே பேர். ஒருத்திக்கும் வயசு ஐம்பதுக்குக் கீழே இல்லை. இவர்கள் போக, பந்து வீசி வீசித் தோள்பட்டை போன தவமணி, ஒரு பெயிண்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பாள். அவள்தான் மாஸ்டர்.

வயதில் சீனித்தாய் அவளுக்கு மூணு வருசம் மூத்தவள். ஆனாலும் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் வந்துவிட்டால் சீனித்தாய்க்கும் அவள் மாஸ்டர்தான்.

சீனித்தாய்க்கு மைதானத்தின் வலது ஓரம். பந்து அந்தப் பக்கம் அதிகம் வராது. ஆனால் ஒரு வேலை உண்டு. யார் எங்கே இருந்து முதல் மூட்டைக்குப் பந்து எறிந்தாலும், அவள் ஓரத்திலிருந்து ஓடி வந்து அங்கே நிற்கிற எஸ்தருக்குப் பின்னால் நிற்க வேணும். எஸ்தர் கை தவறினால் பந்தை மறிக்க வேணும்.

எஸ்தர் கை அநேகமாகத் தவறாது. சீனித்தாய் திரும்பி நடந்து போவாள். அடுத்த பந்துக்கு மறுபடி ஓடி வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சீனித்தாய் வந்து மாஸ்டர் காலடியில் ரெண்டு சாமான்களை வைத்தாள்.

"என்னது?"

"கிளவுசு. வரலாறு எழுதக் குடுத்த நோட்டு."

"ஏன் எங்கிட்ட வைக்க?"

"அடுத்த வாரம் தூத்துக்குடி ஆட்டத்துக்கு நான் வரல மாஸ்டர். அதுக்குப் பிறகும் வரல."

எட்டுப் பேரை வைத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போக முடியாது. போகாவிட்டால் போட்டிப் பட்டியலில் அணியின் பேரை அடித்துவிடுவார்கள். இந்த வயசில் அடிபட்ட பேரை யாரும் திரும்ப எழுதமாட்டார்கள். இது ரெண்டு பேருக்கும் தெரியும்.

"உன்னைய நம்ம அணி வரலாறுல்ல எழுதச் சொன்னேன்? போட்டி நோட்டீசுல போட ஒரு பக்கம் கேட்டாங்களே."

"எழுதத்தான் உக்காந்தேன். பழைய ஸ்கோர் நோட்டு அம்புட்டையும் எடுத்து வாசிச்சேன். இருபத்தெட்டு நோட்டு."

"வாசிச்சு?"

"எஸ்தர் முதல் மூட்டையில அவுட்டாக்குனது நானூத்திப் பன்னெண்டு பேரு."

"உன் கணக்கு?"

"அவ கை தவறி எங்கிட்ட வந்த பந்து பதினொண்ணு. அதுலயும் நாலு என் காலுக்குள்ள பூந்து போயிருச்சு."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. சீனித்தாய் சிரிக்கவில்லை.

"இருபத்தெட்டு வருசமா ஓடியிருக்கேன். போறதும் வாறதுமா, சும்மா. எதுக்கு மாஸ்டர் ஓடுனேன்?"

மாஸ்டர் பக்கத்தில் கிடந்த செங்கலைத் தட்டினாள்.

"இன்னைக்கு ஓட வேணாம். இதுல உக்காரு."

சீனித்தாய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். மற்றவர்கள் இடத்துக்குப் போனார்கள். எஸ்தர் வழக்கம்போல முதல் மூட்டையை மிதித்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்து நின்றாள்.

சாப்ட்பாலில் அது ஒரு சின்னக் கணக்குதான். அடித்தவள் ஓடி வந்து சேருமுன்னே, எஸ்தர் மூட்டையில் கால் வைத்தபடி பந்தைப் பிடித்தால் அவுட்டு. கால் எடுபட்டால் அவுட்டு இல்லை.

மூணாம் மூட்டையிலிருந்து ராசாத்தி எறிந்தாள். பந்து கிளம்பியதுமே சீனித்தாயின் பாதம் தன்னால் எழுந்தது. மாஸ்டர் அவள் முழங்காலில் கை வைத்தாள். பாதம் அமர்ந்தது.

எஸ்தர் பந்தைப் பிடித்தாள். பிடித்துவிட்டு ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த பந்து நேராகத்தான் வந்தது. எஸ்தர் ஒரு அடி பின்வாங்கி நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். மூட்டையில் கால் இல்லை.

"அவுட்டு இல்ல" என்றாள் மாஸ்டர்.

மூணாவது பந்துக்கும் கால் எடுபட்டது. நாலாவதுக்கும் அப்படியே.

"ஏ எஸ்தரு, மூட்டைக்குள்ள முள்ளு கிடக்கா?" என்று ராசாத்தி கத்தினாள். "இல்ல, உன் வீட்டுக்காரரு பின்னால தேடி வாறாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். எஸ்தருக்குக் கோபம் வந்துவிட்டது. கிளவுசைக் கழற்றிக் கீழே போட்டாள்.

"சீனியக்கா எங்க மாஸ்டர்?"

"இந்தா உக்காந்திருக்கா. உனக்கென்ன?"

"பின்னால ஆளில்லாம நான் எப்படி நிக்க?"

"அவ வந்தா மட்டும் பந்தைப் பிடிச்சு உன் கையில குடுத்துருவாளா? வந்ததுல நாலு காலுக்குள்ள போயிருக்காம். இப்பதான் சொன்னா."

"பிடிக்க யாரு சொன்னா? பின்னால தொம் தொம்முனு வருவால்ல. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குக் காலு மூட்டையில நிக்கும்."

"இத்தனை வருசமாவா?"

"ஆமா."

"அவகிட்டச் சொன்னியா?"

எஸ்தர் விழித்தாள். "சொல்ல என்ன இருக்கு? மில்லுல மிசினு ஓடுறப்ப அது ஓடுதுன்னு யாரு சொல்லிக்கிட்டிருந்தா? நின்னாத்தான காது திரும்பும்."

சீனித்தாய் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் அன்றைக்கு அதற்கு மேல் ஆட்டம் வைக்கவில்லை. ஒவ்வொருத்தியாகப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெயில் ஏறிவிட்டது. மாஸ்டரும் சீனித்தாயும் மூணு மூட்டையையும் தூக்கி வந்து சுவரோரம் சாத்தினார்கள். ஒரு மூட்டை கிழிந்து பஞ்சு தெரிந்தது. மாஸ்டர் அதை விரலால் உள்ளே தள்ளினாள்.

"எஸ்தர் கணக்கு எத்தனைன்ன?"

"நானூத்திப் பன்னெண்டு."

"அதுல எத்தனைக்கு நீ செங்கல்ல உக்காந்திருந்த?"

சீனித்தாய் வாளியை நோக்கி நடந்தாள்.

வாளி பக்கத்தில் கிளவுசும் நோட்டும் கிடந்தன. நோட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினாள். கிளவுசை எடுக்கக் குனிந்தவள் பாதியிலேயே நின்றுவிட்டாள். நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. மாஸ்டர் அதை எடுத்துத் தூசி தட்டி அவளிடம் கொடுத்தாள்.

ரெண்டு பேரும் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வெளியே வந்தார்கள். கோடு பாதி அழிந்திருந்தது.

"கணக்கு மட்டும் காரணமில்ல தவமணி" என்றாள் சீனித்தாய். "முட்டி ரெண்டும் தீயாக் காந்துது. நெசமாவே ஓட முடியல."

தவமணி தன் தோள்பட்டையைப் பிடித்துவிட்டுக்கொண்டே நடந்தாள்.

"ஓடாதக்கா. நடந்து வா. சத்தம் வாற செருப்பாப் பாத்துப் போட்டுக்க."