அறுத்துப் பார்க்காத கால்

"இது எத்தனை கிலோ தாங்கும்மா?"

கேட்டவர் தில்லைநாயகம். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், வயது அறுபத்திரண்டு.

அவர் கேட்டது செங்கமலத்திடம். அவரைவிட முப்பது வயது இளையவள். கொள்ளிடக் கரையோரம் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவள். ஆறு வாரமாக அவர் அவளிடம் தொழில் கற்கிறார்.

பட்டறை வாசலில் அவருடைய பழைய ஜீப் நின்றது. கூரையின் இரண்டு ஓரத்திலும் நீளமாக ஸ்டீல் பைப். அதைத் தாங்க, பக்கத்துக்கு நாலாக எட்டுக் கால்கள். எல்லாம் அவர் வீட்டு முற்றத்தில் தன் கையால் செய்தது.

போன வருஷ வெள்ளத்தில் ஆற்றுத் திட்டில் பதினோரு பேர் மாட்டிக்கொண்டார்கள். அவர்களை மீட்க ஒரு படகு தில்லைநாயகத்தின் வீட்டில் இருந்தது. அதை ஏற்றிப் போக லாரி வருவதற்குள் ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது.

கரைக்கு வந்து சேர்ந்தவர்கள் பத்துப் பேர்.

இந்த வருஷம் லாரிக்குக் காத்திருக்க அவர் தயாராக இல்லை. படகை ஜீப் கூரையிலேயே ஏற்றிப் போகத்தான் இந்தக் கால்கள்.

செங்கமலம் ஜீப்பைச் சுற்றி வந்தாள்.

"இதுல எது சார் ரொம்ப நல்லா வந்திருக்கு?"

முன்பக்கக் கால் ஒன்றைக் காட்டினார். வெல்டிங் மீன் செதில் மாதிரி வரிவரியாக மின்னியது.

கட்டிங் மிஷினை அவர் கையில் கொடுத்தாள்.

"அறுங்க."

"இதையா?"

"இதைத்தான்."

அறுத்தார்.

மேலே செதில். உள்ளே கறுப்பாக ஒரு இடைவெளி. இரும்பும் இரும்பும் சேரவே இல்லை.

அவர் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனார்.

பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். எட்டுக் கால்களையும் பிரித்து மறுபடி பற்றவைத்திருந்தார். இப்போது பார்க்க அவ்வளவு அழகில்லை.

செங்கமலம் பின்பக்கக் கால் ஒன்றைத் தொட்டாள்.

"அறுங்க."

அறுத்தார். உள்ளே ஒரே இரும்பாக இருந்தது.

"நல்லா பிடிச்சிருக்கு" என்றாள்.

அந்தக் காலை அங்கேயே திரும்பப் பற்றவைத்தார். முகம் மட்டும் தெளியவில்லை.

"அறுத்தது நல்லா இருந்துச்சு. அறுக்காதது?"

"அறுத்தாத் தெரியும்."

"எட்டையும் அறுத்துட்டா படகை எதுலம்மா வைக்கிறது?"

அவள் பதில் சொல்வதற்குள் அவருடைய கைபேசி அடித்தது. வீட்டிலிருந்து மனைவி. அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம். சாயங்காலத்துக்குள் திட்டைச் சூழ்ந்துவிடுமாம். படகை வெளியே எடுத்து வைக்கவா என்று கேட்டாள்.

"இரு" என்றார். கைபேசியைக் காதிலிருந்து இறக்கினார்.

"ஏத்தலாமாம்மா? நீ ஒரு வார்த்தை சொல்லு."

"வீட்டுல இந்த எட்டையும் பத்தவைக்கிறப்போ கூட யாரு சார் இருந்தா?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

"நான் இருந்தேனா?"

"இல்ல."

"அப்புறம் என்னைக் கேட்டா?"

தில்லைநாயகம் ஜீப்பைப் பார்த்தார். ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வலப்பக்கத்தில் ஓரிடத்தில் கண் நின்றது.

"அந்த மூணாவது கால்" என்றார். "பாதியில வெல்டிங் ராடு தீர்ற மாதிரி ஆயிடுச்சு. புதுசு எடுக்கச் சோம்பல். மிச்சமிருந்த துண்டை வச்சே ஒப்பேத்திட்டேன்."

யாரும் கேட்காமலே கட்டிங் மிஷினை எடுத்தார்.

செங்கமலம் ஒரு புது ராடை நீட்டினாள்.

"மத்த ஏழும்?"

"தாங்கும்."

அவள் அவர் கையிலிருந்த கைபேசியை வாங்கினாள்.

"படகை வெளிய எடுத்து வைங்கம்மா. சார் வர்றாங்க."