பாதி விலைக்கு ஒரு காது மிஷின்

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஞானவடிவு அம்மா நடத்திவந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இலையில் சோறு விழுந்த பிறகு, கை வைப்பதற்கு முன்னால், அன்று தனக்கு உதவிய ஒருவரைச் சொல்லி ஒவ்வொருவரும் நன்றி தெரிவிக்க வேண்டும். சாமி பெயரைச் சொல்லித் தப்பித்துவிட முடியாது. ஆளைத்தான் சொல்ல வேண்டும். பால்காரர், பஸ் கண்டக்டர், பக்கத்து இலைக்காரர், யாராகவும் இருக்கலாம். பெயர் தெரியாவிட்டால் அடையாளம் போதும்.

எத்திராஜ் மட்டும் தன் முறை வரும்போது அடுத்தவரைப் பார்த்துக் கையைக் காட்டிவிடுவார்.

அவர் அம்மாவைவிட இருபது வயது மூத்த சீடர். வேலையில் இருந்தவரை பஸ் கம்பெனிக்கு உதிரி பாகங்கள் வாங்கிப் போட்டவர். எதையாவது சொன்ன விலைக்கே வாங்கிவிட்டால் அன்று அவருக்குத் தூக்கம் வராது. ஓய்வு பெற்றதும் மனைவி கனகவல்லியோடு மடத்துக்கு வந்து சேர்ந்தார். பேரம் பேச இங்கே கடை இல்லை. ஆனால் கையில் போன் இருந்தது.

மடத்துக்குப் பருப்போ பினாயிலோ, ஆன்லைனில் எது வாங்கினாலும் ஒரு தள்ளுபடிக் கூப்பனைத் தேடிப் போடாமல் பணம் கட்டமாட்டார். தங்களுக்குத் தேவைப்படாத கூப்பன்களை ஜனங்கள் போட்டுவைக்கும் பக்கம் ஒன்று இணையத்தில் இருந்தது. அதைத் திறந்து உட்கார்ந்தால் மனிதர் எழுந்திருக்க மாட்டார். எவ்வளவு மிச்சம் என்று அவர் சொல்ல ஆரம்பித்தால் மற்றவர்களுக்குத் திடீரென்று துணி காயப்போடும் ஞாபகம் வந்துவிடும். ஆனாலும் அவரால் மடத்தின் செலவு குறைந்ததென்னவோ உண்மைதான். எல்லோருக்கும் அவர்மேல் பிரியம் இருந்தது.

கனகவல்லிக்குக் காது கேட்காமல் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த மிஷினின் விலை அவர்கள் கைக்கு எட்டவில்லை. எத்திராஜ் சளைக்காமல் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் கனகவல்லி உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டார். பிறகு தான் பேசுவதையும் குறைத்துக்கொண்டார். இப்படியே விட்டால் ஒருநாள் மனைவி பேச்சையே நிறுத்திவிடுவாளோ என்று எத்திராஜ் பயந்தார். அந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை மிஷின் வந்து சேர்ந்தது. எத்திராஜே பெட்டியைப் பிரித்து மனைவியின் காதில் மாட்டிவிட்டார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் கனகவல்லியின் முறை வந்தது.

"நாலு வருஷம் கழிச்சு இவர் குரலைக் கேட்டேன். இவருக்குத்தான் நன்றி" என்றார்.

முதலில் என்ன சொன்னார் என்று அம்மா கேட்டார்.

"பாதி விலைக்கு முடிச்சிட்டேன்னாரு."

கூடமே சிரித்தது. கனகவல்லியும் சிரித்தார். என்ன சொன்னால் என்ன, அந்தக் குரல் கொஞ்சமும் மாறவில்லை, தனக்கு அது போதும் என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அடுத்து எத்திராஜ். இந்த முறை அவர் கையைக் காட்டவில்லை.

"அம்மா, காசு என்னுது. தேடினது நானு. விலையக் கொறைச்சதும் நானு. மனசார கேக்கறேன், நான் யாருக்கு நன்றி சொல்லணும்?"

கேள்வியில் திமிர் இல்லை. மனிதருக்கு நிஜமாகவே தெரியவில்லை. சோறு ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்றார் அம்மா.

கை கழுவிய பிறகு அம்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கூப்பனை எப்படிப் பிடித்தீர்கள், எனக்கும் காட்டுங்கள் என்றார். எத்திராஜுக்குத் தலைகால் புரியவில்லை. இதுவரை யாரும் அவரிடம் இதைக் கேட்டதே இல்லை. போனைத் திறந்து, கீழே தள்ளிக்கொண்டே போய், ஒரு கட்டத்துக்குள் இருந்த எழுத்துகளைக் காட்டினார். இதைப் போலப் பலதைப் போட்டுப் பார்த்ததாகவும், எல்லாம் செத்துப்போனவை என்றும், இது ஒன்றுதான் உயிரோடு இருந்தது என்றும் விளக்கினார்.

"மேல ஏதோ எழுதியிருக்கே. வாசிங்க" என்றார் அம்மா.

"அது யாராவது கதை எழுதியிருப்பாங்கம்மா. நமக்கு வேண்டியது கட்டத்துல இருக்கறது மட்டும்தான்."

"எனக்குக் கதை பிடிக்கும். வாசிங்க."

எத்திராஜ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். எழுதியவர் கரூரில் இருக்கும் தேன்மொழி என்ற பெண்.

'அம்மாவுக்கு ஒரு காதுக்கு மிஷின் வாங்கினோம். அடுத்த காதுக்குப் பாதி விலையில் வாங்கலாம் என்று கடைக்காரர்கள் இந்தக் கூப்பனைக் கொடுத்தார்கள். வாங்குவதற்குள் அம்மா இறந்துவிட்டார். இது ஒரே ஒருவருக்குத்தான் செல்லும். காது கேட்காத யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.'

வாசித்து முடிக்கும்போது அவர் குரல் இறங்கியிருந்தது. கனகவல்லி தள்ளி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் எல்லாம் கேட்டது.

"கீழேயும் வாசிங்க" என்றார் அம்மா.

கீழே வேறு சிலர் எழுதியிருந்தார்கள். ஒருவர், தான் பேட்டரி வாங்க வந்ததாகவும், கூப்பன் அதற்கும் செல்லுகிறது என்றாலும் மிஷின் வாங்குகிறவருக்கு இருக்கட்டும் என்றும் எழுதியிருந்தார். இன்னொருவர், தன் அப்பாவுக்காக இதை எடுக்க நினைத்ததாகவும், அண்ணன் பணம் அனுப்பிவிட்டதால் தங்களைவிடக் கஷ்டப்படுகிறவருக்கு விட்டுவைப்பதாகவும் சொல்லியிருந்தார். எல்லோருக்கும் கடைசியில் மறுபடியும் தேன்மொழி.

'கூப்பன் முடிந்துவிட்டதாகக் காட்டுகிறது. யாருக்குக் கிடைத்தது? எங்கள் அம்மாவுக்கு முதலில் கேட்டது காக்கா சத்தம். உங்கள் வீட்டில் முதலில் என்ன கேட்டது? தெரிந்தால் சந்தோஷப்படுவேன்.'

அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை.

எத்திராஜ் போனை மடியில் வைத்தார்.

"நான் வர்றவரைக்கும் இத்தனை பேரு இதத் தொடாம விட்டு வச்சிருக்காங்கம்மா. முன்னப் பின்னத் தெரியாதவங்க." அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது.

"பாவம், அந்தப் பொண்ணு காத்துக்கிட்டிருக்கும்" என்றார் கனகவல்லி.

எத்திராஜ் போனை எடுத்து 'மிக்க நன்றி' என்று அடித்தார். பார்த்தார். அழித்துவிட்டார். அந்தப் பெண் கேட்டிருந்தது அதை அல்லவே.

"இதுக்கு நான் என்னன்னும்மா பதில் எழுதறது? அங்க காக்கா சத்தம். இங்க பாதி விலை. எழுதவே வெக்கமா இருக்கு. அந்த நேரத்துல ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நான்?"

அம்மா எழுந்து கனகவல்லியின் காதில் சற்று நழுவியிருந்த மிஷினைச் சரிசெய்துவிட்டார்.

"நீங்க சொன்ன அந்தப் பாதி விலையையே எழுதுங்க ஐயா. இன்னொரு பாதி யார் கொடுத்ததுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியும்."