வெயிலை விசாரித்த சுவர்

அந்தக் காலத்தில் வெயிலுக்கும் வாய் இருந்தது, கறையானுக்கும் வாய் இருந்தது. மனிதர்கள் கேட்டால் இரண்டும் பதில் சொல்லும். ஆனால் மனிதர்கள் என்றைக்குக் கேட்டார்கள்? ஓலைக் குடிசைக்குள் விசிறிக்கொண்டு கிடந்தார்கள்.

கரட்டடியில், மொட்டைக் குன்றின் காலடியில், அப்படி ஓர் ஊர். சுற்றிலும் பாறையும் கள்ளியும்தான். பகலில் வெயில் வரும். கேட்டுக்கேள்வி இல்லாமல் ஓலை வழியாக உள்ளே நுழைந்து, பானைத் தண்ணீரைச் சுடவைத்து, படுத்திருப்பவர்களைப் புரட்டி எடுக்கும். பொழுது சாய்ந்ததும் அது போய்விடும். அதே ஓலை வழியாகக் குளிர் வரும். அதற்கும் கூச்சநாச்சம் கிடையாது.

அந்த ஊரில் ஒச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய மூத்த பிள்ளையை வெயில் கொண்டுபோனது. அடுத்ததைக் குளிர் கொண்டுபோனது. மூன்றாவதாகப் பிறந்த பெண் குழந்தைக்கு அவள் பேரே வைக்கவில்லை. பேர் இல்லாவிட்டால் யாரும் தேடி வரமாட்டார்கள் என்று நம்பினாள். பெற்றவள் மனசு எதைத்தான் நம்பாது?

ஒரு நண்பகலில் குழந்தைக்கு மூச்சு வாங்கியது. ஒச்சாயி அதைத் தூக்கிக்கொண்டு நிழல் தேடி ஓடினாள். பாறை நிழலும் கொதித்தது. வழியில் ஒரு புற்று, ஓரம் இடிந்து பொந்தாகத் தெரிந்தது. பாம்பு இருக்குமே என்றுகூட நினைக்காமல் கையை விட்டாள். உள்ளே சில்லென்று இருந்தது. அந்தக் கையைக் குழந்தையின் நெற்றியில் வைத்தாள்.

"ஏ கறையானே, ஊரே வேகுது. ஒன் வீடு மட்டும் எப்படிக் குளுந்து கெடக்கு?"

"வெயில வெரட்டுனா போகுமா ஆத்தா? நாங்க வெரட்டுறதில்ல. வான்னு சொல்லுவோம்," என்றது கறையான். "உள்ள வந்ததும் ஒவ்வொரு மண்ணும் அத நிறுத்தி, எங்கேருந்து வாரே, யாரப் பாக்கப் போறேன்னு விசாரிக்கும். அது பதில் சொல்லிச் சொல்லி நடந்து முடிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்."

ஒச்சாயி அன்றைக்கே மண்ணை வெட்டிக் குவித்தாள். தண்ணீர் விட்டு, வரகு வைக்கோல் போட்டு மிதித்தாள். படை படையாக, அடுக்கின்மேல் அடுக்காகச் சுவர் வைத்தாள். ஒரு படை காய்ந்த பிறகுதான் அடுத்தது. மேலே மூங்கில் பரப்பி, அதற்கும் மண் அப்பி, அதன்மேல் ஓலை வேய்ந்தாள். அவள் புருஷன் வீராண்டி சுவரின் கனத்தைப் பார்த்துச் சிரித்தான். "யானையவா கட்டப்போறே?" என்றான். சிரித்துக்கொண்டே மண் சுமந்தான், அதையும் சொல்லவேண்டும்.

வீடு முடிந்த மறுநாள் வெயில் வந்தது. சுவரில் கால் வைத்ததும் மண் விசாரிக்க ஆரம்பித்தது. அதுவரை மனிதர் வீட்டில் வெயிலிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அது நின்று நின்று பேசியது.

உச்சிப் பொழுதில் ஒச்சாயி வீட்டுக்குள் நின்றாள். வெளியே கரடு வெந்துகொண்டிருந்தது. உள்ளே குழந்தை வேர்க்காமல் தூங்கியது. அவள் சுவரைத் தொட்டாள். நம்பமுடியாமல் இன்னொரு கையாலும் தொட்டாள். குளிர்ந்திருந்தது. நேற்று வரை காலில் மிதிபட்ட மண்! சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பொழுது சாய்ந்தது. வெயில் இன்னும் சுவருக்குள்தான் இருந்தது. திரும்பிப் போகவும் தெரியவில்லை.

"தாயி, சூரியன் மலைக்கு அந்தாண்ட எறங்கிருச்சு. என்னைய விட்டுரு," என்று சுவருக்குள்ளிருந்து கெஞ்சியது.

வீராண்டி ஒரு பானைத் தண்ணீரைக் கொண்டுவந்தான். "நம்ம மூத்தவனக் கொன்னது இதுதானே. ஊத்து, அவிஞ்சு சாகட்டும்."

ஒச்சாயி பானையைத் தூக்கினாள். "எம் பிள்ளையத் தின்னுட்டு எங்கிட்டயே கெஞ்சுறியா?"

"உள்ள பிள்ளை இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது தாயி. யாரப் பாக்கப் போறேன்னு மனுசரு வீட்டுல இன்னைக்குத்தான் மொதமொதல்ல என்னையக் கேட்டாக. எனக்குப் பதில் தெரியல. நீயே சொல்லு, உள்ள யாரு இருக்கா?" என்றது வெயில்.

இப்போது ஊற்றினால் மூத்தவனுக்கு நியாயம் கிடைக்கும். ஆனால் இரண்டாவதைக் கொண்டுபோன குளிர் வாசலில் வந்து நின்றுவிட்டது, அது உள்ளே எட்டிப் பார்ப்பதும் தெரிந்தது. அவள் பானையைக் கீழே வைத்தாள். கதவுப் படலைச் சாத்தினாள். குழந்தையை எடுத்துவந்து சுவரோடு சேர்த்துப் படுக்கவைத்தாள்.

"பூவாயி," என்றாள். "இவ பேரு பூவாயி. எனக்கு இருக்கிறது இவ ஒருத்திதான்."

வெயில் மிச்சத் தூரத்தை அடிமேல் அடிவைத்து நடந்து வந்தது. நடந்து களைத்ததில் அதன் சூடெல்லாம் வெதுவெதுப்பாக அடங்கியிருந்தது. சுவரை விட்டு வெளியே வந்து குழந்தையின் முதுகை மெல்லத் தொட்டது. விடியும்வரை அங்கேயே இருந்தது. குளிர் வெளியே சுவரைத் தடவிக்கொண்டே இரவைக் கழித்தது. உயிரைக் கொண்டுபோன கையே உயிருக்குக் காவல் இருந்ததைப் பார்த்து வீராண்டி தண்ணீர்ப் பானையை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தான்.

பிறகு ஊரே மண் மிதித்தது. இன்று மண்ணை இயந்திரத்தில் அழுத்திக் கல்லாக்கிக் கட்டுகிறவர்களின் வீட்டிலும் மண் அதே விசாரணையைத்தான் நடத்துகிறது. அவசரத்துக்கு எழுப்பிய மெல்லிய சிமென்ட் சுவரிலோ நிறுத்திப் பேச ஆள் இல்லை, வெயில் பழையபடி தடதடவென்று உள்ளே வந்துவிடுகிறது.

அன்று முதல்தான், கனத்த மண்சுவர் உள்ள வீட்டுக்குள் வெயில் உச்சியில் நுழையாமல், விளக்கு வைத்த பிறகு, தூங்குகிற பிள்ளைக்கு நோகாமல் வருகிறது.