பாதி மீசையும் ஏரிக்கரை ஆர்டரும்

வேலங்குறிச்சி சமஸ்தானத்துக்கு ராஜா என்று ஒருவர் இருந்தார். பெயர் திருவேங்கட பூபதி. ஆனால் சமஸ்தானத்தை ஆண்டது என்னவோ இங்கிலீஷ்தான். அந்தக் கூத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு பாதி, எரிச்சல் பாதி.

ஒரு தடவை ராஜா, வெள்ளைக்கார ஏஜெண்டு துரைக்கு இங்கிலீஷில் கடுதாசி போட்டார். துரை அதில் பிழை கண்டுபிடித்து, நாலு பேருக்கு முன்னால் விழுந்து விழுந்து சிரித்துவிட்டார். ராஜாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சட்டம் போட்டார். இனி அரண்மனையில் சின்ன வேலையோ பெரிய வேலையோ, இங்கிலீஷில் எழுதின ஆர்டர் இல்லாமல் நடக்கக் கூடாது. ஆர்டரில் எள்ளளவும் பிழை இருக்கக் கூடாது.

ஆர்டர் எழுத ஒரு ஆபீஸ், அதற்கு இரண்டு பெரிய தலைகள். ஒருவர் நாகோஜி ராவ், சென்னப்பட்டணத்தில் படித்தவர். இன்னொருவர் தேவசகாயம், மிஷன் பள்ளியில் படித்தவர். தன்னைத் தவிர உலகத்தில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே அபிப்பிராயம்.

அந்த ஐப்பசியில் மழை பிய்த்து உதறியது. பெரிய ஏரிக்கரையில் கசிவு கண்டது. கரைக்குக் கீழே முப்பது வீடு. அதில் ஒன்றில் குடியிருந்த ஏரிக் காவல்காரன் குப்பமுத்து அரண்மனைக்கு ஓடிவந்தான். சாக்கு, மூங்கில், வைக்கோல் எல்லாம் அரண்மனைக் கிடங்கில் பூட்டிக் கிடந்தன. ஆர்டர் வராமல் பூட்டு திறக்காது. ராஜா பொல்லாதவர் இல்லை, அந்த நிமிஷமே எழுதச் சொல்லிவிட்டார்.

எழுத வேண்டியது ஒரே வரி. கரை உடனே பழுதுபார்க்கப்பட வேண்டும். ராவ் “மஸ்ட் பி இமீடியட்லி ரிப்பேர்ட்” என்று எழுதினார். இதைப் பார்த்தால் துரை மறுபடி சிரிப்பார் என்று தேவசகாயம் அதை அடித்து, “மஸ்ட் இமீடியட்லி பி ரிப்பேர்ட்” என்று திருத்தினார். ராவ் அந்தக் காகிதத்தைக் கிழித்தார். மறுநாள் தடிதடியாகப் புத்தகங்கள் வந்தன. மூன்றாம் நாள் ராவ் கொஞ்சம் இறங்கிவந்து, இமீடியட்லியை வாக்கியத்தின் வாலில் கட்டிவிடலாமே என்றார். வால் நாய்க்கும்தான் இருக்கிறது, அதற்காக அதைக் குமாஸ்தா ஆக்கலாமா என்றார் தேவசகாயம். இப்படியே நாலு நாள். ‘உடனே’ என்கிற சொல்லுக்கு உட்கார இடம் கிடைக்கவே நாலு நாள், பாருங்கள் கொடுமையை. கரையில் விரல் அளவு இருந்த ஓட்டை தொடை அளவு ஆகிவிட்டது. குப்பமுத்துவோ அரண்மனை வாசலில் நனைந்துகொண்டே நின்றான்.

ராஜாவின் கூடவே இருப்பவன் தாண்டவராயன். வாய்த்துடுக்குக்காரன், ஆனால் நல்ல மனசு. நாலாம் நாள் சாயங்காலம் ஆபீஸுக்குப் போய், அந்தச் சொல்லை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், கரையை அடைக்கப்போவது யார், அந்த ஆள் இந்த வரியில் எங்கே இருக்கிறான் என்று கேட்டான். இரண்டு பேரும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஆளைச் சொல்லாமல் விடுவதுதான் அந்த வாக்கியத்துக்கே மரியாதை என்று விளக்கினார்கள். தாண்டவராயன் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஏஜெண்டு துரை வருவதாக ஏற்பாடு. ஒன்பது மணிக்கு ராஜா மீசை ஒதுக்க உட்கார்ந்தார். நாவிதர் மருதையன் இடது பக்கத்தை அழகாக ஒதுக்கி முடித்து, வலது பக்கம் கத்தரியைக் கொண்டுபோனார். அப்போது உள்ளே வந்த தாண்டவராயன், இதற்கு ஆர்டர் இருக்கிறதா என்று ரொம்பப் பணிவாகக் கேட்டான். சட்டம் சட்டம்தானே. மருதையன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

ராஜாவுக்குக் கோபம்தான். ஆனால் சட்டம் அவர் போட்டது. சரி, சீக்கிரம் எழுதி வாங்கு என்றார். ஆபீஸில் ராஜாவின் மீசை ‘நீட்லி’ ஒதுக்கப்பட வேண்டும் என்று எழுத ஆரம்பித்தார்கள். நீட்லியை எங்கே வைப்பது? புத்தகங்கள் மறுபடி திறந்தன. ஒன்பதரை ஆயிற்று. ஒன்பதே முக்கால் ஆயிற்று. கண்ணாடியில் ராஜாவின் இடது பக்கம் மாப்பிள்ளை மாதிரி இருந்தது, வலது பக்கம் வைக்கோல் போர் மாதிரி இருந்தது. வெளியே துரையின் கோச்சு வண்டிச் சத்தம் கேட்டது.

ராஜா எழுந்தே விட்டார். “அந்தச் சொல்லை எங்கேயாவது தூக்கிப் போடச் சொல்லுடா. முதலில் மீசையை முடியுங்கள்.”

தாண்டவராயன் கைகட்டி நின்றான். “இதையேதான் மகாராஜா, குப்பமுத்து அஞ்சு நாளா வாசல்ல நின்னு சொல்றான். உங்க மீசை கோணலாப் போனாலும் பத்து நாள்ல வளந்துடும். அவன் வீடு போனா வளருமா?”

ராஜா கண்ணாடியை ஒருமுறை பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. காகிதத்தை இழுத்துத் தமிழில் தானே எழுதினார்: ‘குப்பமுத்து, கிடங்கைத் திற. வேண்டியதை எடு. கரையை அடை.’ கிடங்குச் சாவியையும் இனி குப்பமுத்துவே வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்தனுப்பினார். மண் கூடை தூக்க ஆள் போதாது என்று கேள்விப்பட்டதும், ஆபீஸில் இரண்டு பேர் சும்மாதானே இருக்கிறார்கள், அவர்களையும் கூட்டிப்போ என்றார்.

மருதையன் மீசையை முடித்தார். துரை வந்தார், போனார். பொழுது சாய்வதற்குள் கரை அடைபட்டது. முப்பது வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

ராஜா தாண்டவராயனைக் கூப்பிட்டுத் தன் கை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். ஆனால் ஆசை விடவில்லை. “அது இருக்கட்டும்டா. கடைசியில் அந்தச் சொல்லை எங்கேதான் போடணுமாம்?”

“நாகோஜி ராவும் தலையில மண் கூடையோட நின்னுக்கிட்டு, எங்கே போடணும்னுதான் கேட்டாராம் மகாராஜா” என்றான் தாண்டவராயன். “குப்பமுத்து பொண்டாட்டி கையக் காட்டி, ‘தண்ணி வர்ற இடத்துல போடுங்க சாமி, அதுக்கு எதுக்குப் புஸ்தகம்’னாளாம்.”