சீட்டுக்குப் பின்னால் மீன்

எங்கள் நூற்பாலை அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த காலம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவோம். அறைச் சாவி தற்காலிக டைப்பிஸ்ட் செண்பகவல்லியிடம் இருந்தது.

கம்ப்யூட்டரில் வேலை நடக்கவில்லை என்று ஹெட் ஆபீஸ் கண்டித்ததும், மேனேஜர் தணிகாசலம் எல்லோரையும் கூட்டிக் கத்தினார். "யாரோ அதுல சீட்டு விளையாடுறாங்க! செண்பகவல்லி, சாவி உன்கிட்டதானே இருக்கு, யாருன்னு இப்பவே சொல்லும்மா. இல்லேன்னா உன் வேலை போயிடும்."

செண்பகவல்லி பணிவாகக் கேட்டாள். "சீட்டுக்குப் பின்னால கோட்டைப் படம் போட்டிருக்குமே, அந்த விளையாட்டா சார்?"

"கோட்டையா? மீன் படம்மா! நேத்துதானே மாத்தினேன்!"

"யாருன்னு நீங்களே சொல்லிட்டீங்க சார்."

அறையே சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். அன்று முதல் சாப்பாட்டு வேளையில் அவர் விளையாட, நாங்கள் சுற்றி நின்று யோசனை சொன்னோம்.

இன்று ஆளுக்கொரு கம்ப்யூட்டர். "இஸ்பேட் ராணியை நகர்த்துங்க சார்" என்று தோளுக்குப் பின்னாலிருந்து சொல்லத்தான் யாருமில்லை.