இருபத்தொரு நாள் கணக்கு

கடவுள் மூளையைப் பங்கு வைத்த நாளில், பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் "நீங்க மொதல்ல வாங்கிக்குங்க" என்று வழிவிட்டு நின்ற நல்ல மனசுக்காரர்கள் நாலு பேர் உண்டு. பூபதி, சபரீசன், கவியரசு, லோகேசு. நாமக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தார்கள். ஒருவன் கணக்குப் பாடத்தில் தவறினால் மற்ற மூவரும் அவனைத் தனியாக விட்டுவிட மாட்டார்கள், அப்படி ஒரு நட்பு.

அந்த நட்பில் இரண்டு முறை தவறியாயிற்று. நாலாவது முறையும் தவறினால் கல்லூரியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். லோகேசின் அப்பா பொன்னுசாமி கோழிப்பண்ணை வைத்திருப்பவர். "பேரை எடுத்துட்டாங்கன்னா நாலு பேரும் நம்ம பண்ணைக்கு வந்து கோழி எரு அள்ளோணும்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அதிலிருந்து மெஸ்ஸில் முட்டை போட்டாலே நாலு பேரும் தட்டை நகர்த்தி வைத்தார்கள்.

தேர்ச்சி விகிதம் சரிகிறதே என்று கல்லூரிக்கும் கவலைதான். கணக்கு வாத்தியார் இடம் ஒரு வருஷமாகக் காலியாக இருந்தது. அதை நிரப்புவதைவிடச் சுலபம் என்று ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூட்டி வந்தார்கள்.

அவர் கோட்டு போட்டு, காதில் மைக் மாட்டிக்கொண்டு, மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். "வெற்றிக்கு மூன்றே படி. ஒன்று, உண்மையாக இருங்கள். இரண்டு, ஜெயித்துவிட்டதாகவே நினையுங்கள். மூன்று, நல்ல பழக்கம். எதையும் இருபத்தொரு நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும். அப்புறம் வெற்றி தானாக வரும்" என்றார். அரங்கமே கை தட்டியது. நம்மவர்கள் நாலு பேர் மட்டும் கை தட்டவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே உண்மையை ஆரம்பித்தார்கள். இயற்பியல் அசைன்மென்ட்டின் முதல் பக்கத்தில் கவியரசு, "இது முழுவதும் பக்கத்து அறை மாணவனைப் பார்த்து எழுதியது. அவன் யாரைப் பார்த்து எழுதினான் என்று தெரியவில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். வகுப்பில் அறுபது பேரும் அதே அசைன்மென்ட்டைத்தான் கொடுத்திருந்தார்கள். ஐம்பத்தொன்பது பேருக்குப் பத்துக்கு ஒன்பது வந்தது. கவியரசுக்குப் பூஜ்யம் வந்தது. கூடவே, நேர்மையாக இருப்பது எப்படி என்று துறைத் தலைவர் அறையில் அரை மணி நேரம் அறிவுரையும் கிடைத்தது.

இரண்டாம் படியில் அவ்வளவு அடி விழவில்லை. ஜெயித்துவிட்டதாகவே நினைத்து விடுதி முழுக்க லட்டு கொடுத்தார்கள். வார்டன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "கணக்குல பாஸா? ரிசல்ட் எப்ப வந்துச்சு?" என்று கேட்டார்.

"பரீட்சைக்கே இன்னும் ரெண்டு மாசம் இருக்குதுங் சார்" என்றான் பூபதி.

கையோடு கணக்குப் புத்தகத்தையும் நூலகத்தில் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். பாஸான பாடத்தை எவனாவது படிப்பானா என்பது அவர்கள் கேள்வி. வேறு யாரும் கேட்காத புத்தகம் என்று நூலகர் அதை அவர்கள் கையிலேயே திணித்து அனுப்பினார்.

மிஞ்சியது மூன்றாம் படி. சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள்.

"படிக்கிறதுக்கு என்னென்ன பழக்கம் வேணும்?" என்று கேட்டான் லோகேசு.

"காலைல நாலு மணிக்கு எந்திரிக்கோணும்" என்றான் பூபதி.

"எந்திரிச்சாப் போதுமா? உக்காரோணும்" என்றான் சபரீசன்.

"புஸ்தகத்தைத் தொறக்கோணும்" என்றான் கவியரசு. "பொறவு படிக்கோணும்."

நாலு பழக்கம், ஒன்றுக்கு இருபத்தொரு நாள், ஆக எண்பத்து நாலு நாள். பரீட்சைக்கோ அறுபதே நாள். கணக்கில் இரண்டு முறை தவறியவர்கள் இந்தக் கணக்கை மட்டும் எப்படித் தப்பில்லாமல் போட்டார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

"நாலு பழக்கம், நாலு பேரு" என்றான் லோகேசு. "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டா இருபத்தொரே நாள்ல முடிஞ்சு போகுது." மற்ற மூவரும் அவனைக் கண் கலங்கப் பார்த்தார்கள்.

மறுநாள் நாலு மணிக்குப் பூபதி எழுந்தான். எழுந்ததோடு அவன் வேலை முடிந்ததால் மறுபடி படுத்துக்கொண்டான். சபரீசன் எட்டு மணி வரை நாற்காலியில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தான். கவியரசு புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். நாற்காலி காலி இல்லாததால் லோகேசு நின்றுகொண்டே படித்தான். தையல் விட்டுப்போன புத்தகம் அது. திறந்தால் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்தான் விரியும். இருபத்தொரு நாளும் அங்கேதான் விரிந்தது, இருபத்தொரு நாளும் லோகேசு அதைத்தான் படித்தான்.

பரீட்சை வந்தது. யோகத்தைப் பாருங்கள், அந்தப் பக்கத்துக் கேள்வியே வந்திருந்தது. லோகேசு பக்கம் முழுவதையும் ஒரு புள்ளி விடாமல் எழுதினான். பக்கத்தின் கடைசி வரியையும் எழுதினான்: "இதன் விடையை அடுத்த பக்கத்தில் காண்க." திருத்தியவர் அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்த்திருக்கிறார், பாவம்.

மற்ற மூவரும் குறை வைக்கவில்லை. பூபதி நேரத்தோடு எழுந்து வந்தான். சபரீசன் மூன்று மணி நேரமும் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கவியரசு கேள்வித்தாளைத் திறந்தான். எழுதுவது அவர்களில் யார் பொறுப்பிலும் இல்லை.

மூன்றாம் முறையும் போயிற்று. நாலாவதான கடைசி வாய்ப்புக்கு ஒரு மாதம் இருந்தது. பொன்னுசாமி நேரில் வந்து நாலு பேரையும் பண்ணைக்குக் கூட்டிப் போனார். "என்ர கண்ணு முன்னால உக்காந்து படிங்கடா. எனக்குத்தான் படிப்பு ஏறல. நீங்களாச்சும் இந்த நாத்தத்துல இருந்து தப்பிச்சுப் போங்க" என்றார். அந்தக் கவலையை நான் கேலி செய்ய மாட்டேன்.

வீட்டு மூலையில் ஒரு கூடையில் நாட்டுக்கோழி ஒன்று அடை காத்துக்கொண்டிருந்தது. "எத்தனை நாள்ல பொரிக்குமுங்ப்பா?" என்று கேட்டான் கவியரசு.

"இன்னைக்குத்தான் வெச்சேன். இருபத்தொரு நாள் ஆகும்."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது வரைக்கும் சும்மா உக்காந்திருக்குமுங்களா?" என்றான் சபரீசன்.

"சும்மா எங்க? முட்டையை அப்பப்பப் பொரட்டிப் பொரட்டி விடும்" என்று சொல்லிவிட்டுப் பொன்னுசாமி தீவனம் போடப் போனார்.

"மாப்ள, நம்ம தப்பு எங்கன்னு தெரிஞ்சு போச்சு" என்றான் கவியரசு. "நாம புஸ்தகத்துக்கு முன்னால உக்காந்தோம். கோழி மேல உக்காருது."

"தொறந்தது அதைவிடத் தப்பு" என்றான் சபரீசன். "உள்ள என்ன இருக்குதுன்னு கோழி முட்டையை ஒடைச்சா பாக்குது?"

"நாம பொரட்டவும் இல்ல" என்றான் பூபதி. "அதனாலதான் ஒரே பக்கத்துல நின்னு போச்சு."

யார் முதலில் உட்காருவது என்று பேசி முடிக்கப் பத்து நாள் ஆயிற்று. பதினோராம் நாள் சாமான் அறையில் வைக்கோல் பரப்பி, நடுவில் கணக்குப் புத்தகத்தை வைத்து, பழக்கப்பட்டவன் என்பதால் சபரீசனை உட்கார வைத்தார்கள். அவன் சாப்பிட எழுந்தால் சூடு ஆறிவிடாமல் அடுத்தவன் உட்காருவான். பூபதி நாளைக்கு மூன்று தரம் புத்தகத்தைத் திருப்பிப் போட்டான். இதற்கிடையில் கோழி, சொன்ன நாளில் பன்னிரண்டு குஞ்சு பொரித்தது. இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போயிற்று.

அறைக்குள்ளிருந்து சத்தமே வராததைப் பார்த்து, "பசங்க திருந்திட்டானுங்க" என்று பொன்னுசாமி மனைவியிடம் சொல்லிப் பூரித்துப்போனார்.

பரீட்சையன்று காலை, வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, நாலு ஹால் டிக்கெட்டோடு வந்து கதவைத் திறந்தார். சபரீசன் வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தான். மற்ற மூவரும் காற்றுப் படாமல் அவனைச் சுற்றி நின்றார்கள்.

"எந்திரிங்கடா, பத்து மணிக்குப் பரீட்சை" என்றார்.

லோகேசு பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தான். "மெதுவாப் பேசுங்ப்பா. இன்னைக்கு இருபதாவது நாளுதான். இப்ப எந்திரிச்சா அத்தனையும் கூமுட்டை ஆயிரும்."