மார்பில் கட்டிய மல்லிகை

“தாயே, இந்தக் கவிதையில் பூ தெரிகிறது. வலி எங்கே என்றுதான் பிடிபடவில்லை” என்றார் கதிரேசப் புலவர்.

பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற கையோடு, தன்னைவிட இருபது வயது சின்னவளான குருவம்மாவிடம் சீடராகச் சேர்ந்துவிட்டார்.

குருவம்மா மடத்துச் சமையல்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“வாசிங்க.”

வாசித்தார்.

“மார்பு நிறைய மல்லிகை
மணக்க மணக்கக் கட்டினார்கள்.
மூன்றாம் நாள் பூ வாடியது.
நானும் வற்றிப்போனேன்.”

“எழுதினது யாரு?”

“பக்கத்து ஊர் அலமேலம்மா. தன் கதையைத்தான் எழுதியிருக்காங்களாம். நாளைக்கு நம்ம மடத்துக் கூட்டத்துக்கு வர்றாங்க. அவங்களை முன்னால் உட்காரவைத்து நான் விளக்கம் சொல்லணும்.”

“என்ன சொல்லப் போறீங்க?”

புலவருக்குக் குரல் ஏறியது. “மல்லிகை என்றால் ஆசை. புதுப்பெண் புருஷனுக்காகச் சிங்காரித்துக்கொள்கிறாள். மூன்றே நாளில் அவனுக்குச் சலித்துவிட்டது. அவள் இளமை வற்றிவிட்டது. பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன் தாயே!”

குருவம்மா பூச்சி அரித்த இலையொன்றைக் கிள்ளிப் போட்டாள்.

“கடைத்தெருவுல பூக்காரி பஞ்சவர்ணம் இருப்பா. மார்பில் கட்ட மல்லிகை வேணும்னு கேட்டு வாங்கிட்டு வாங்க.”

“நானா? சிரிப்பாளே!”

“சிரிக்கட்டுமே.”

புலவர் போனார்.

பஞ்சவர்ணம் தூரத்திலேயே பிடித்துக்கொண்டாள். “வாங்க வாத்தியாரே! வீட்டம்மாகிட்ட சண்டையா? ரெண்டு முழத்துல சமாதானம் ஆவாங்களா, நாலு முழம் தரவா?”

புலவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “மார்பில் கட்ட மல்லிகை வேணும்.”

பஞ்சவர்ணத்தின் சிரிப்பு நின்றுபோனது.

“அட சாமி… யார் வீட்டுல?”

“ஏன்?”

“கைப்பிள்ளை தவறிப்போச்சா? ஐயோ, அந்தப் பொண்ணு பால் கட்டிக்கிட்டு நெஞ்சு வலியில துடிக்குமே. குடிக்க ஆளில்லேன்னு பாலுக்குத் தெரியுமா? இந்தாங்க, நல்லா வச்சுக் கட்டச் சொல்லுங்க. வாடினா மாத்தணும். மூணு நாள்ல பால் வத்திடும்.”

புலவரின் கை நீளவில்லை.

அவள் தானே பொட்டலத்தை அவர் கையில் திணித்தாள்.

மடத்துக்குத் திரும்பியவர், பொட்டலத்தோடு சமையல்கட்டு வாசலிலேயே நின்றார். கீரை கொதிக்கிற வாசனை வந்தது.

“தாயே.”

“சொல்லுங்க.”

“நாளைக்கு அலமேலம்மா வந்து முன்னால் உட்காருவாங்களே. நான் அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?”

குருவம்மா கீரையைக் கிண்டிவிட்டாள்.

“சாப்பிட்டீங்களான்னு கேளுங்க.”